தண்டவாளத்தின் மட்டமும் யானையின் வழியும்

ஆனைகட்டிக்கு இருப்புப்பாதை இல்லை. கோயம்புத்தூரிலிருந்து அட்டப்பாடிக்குச் செல்லும் சாலை மட்டுமே உண்டு. அதற்குத் தெற்கே, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் சுமார் 30 கி.மீ. அகலத்தில் மலைத்தொடர் வழிவிட்ட பாலக்காட்டுக் கணவாய் வழியாகவே 1862-இல் போத்தனூரிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. எங்கே கடக்கலாம் என்பதை நிலமே முதலில் தீர்மானித்தது. தண்டவாளம் பின்னர் வந்தது.

மாதிரி ரயில் அமைப்போர் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றனர். தட்டையான பலகைமீது பாதையை விரித்துவிட்டு, எஞ்சிய இடத்தில் பிளாஸ்டர் மலைகளை ஒட்டுகின்றனர். அங்கே நிலம் தண்டவாளத்துக்கு மேலே எழலாம். கீழே இறங்க முடியாது. ஓடையில்லாத பாலமும், குடையக் காரணமில்லாத குகையும் அப்படித்தான் பிறக்கின்றன. முழுப் பலகைக்குப் பதிலாகத் திறந்த மரச்சட்டத்தில் வெவ்வேறு உயரக் கட்டைகளை நிறுத்தி, அவற்றின்மீது பாதையை ஏற்றினால் பள்ளத்தாக்குக்கும் இடம் கிடைக்கும்.

கணக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. 1:87 அளவில் ஒரு பாதை இன்னொன்றின் மேலே கடக்க ஏறத்தாழ 7.5 செ.மீ. உயரம் வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்னும் ஏற்றத்தில் அதை எட்ட 3.75 மீட்டர் தேவை, இறங்கவும் அவ்வளவே. 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலின் 46 கி.மீ. பாதையை அதே அளவில் முழுமையாகச் செய்தால், நீளம் ஏறத்தாழ 529 மீட்டர், உயரம் 21.6 மீட்டர் ஆகிவிடும். ஆகவே எதையேனும் விட்டுத்தான் ஆகவேண்டும். எதை விடுகிறார் என்பதில் அமைப்பவரின் பார்வை வெளிப்படுகிறது.

மதுக்கரைக்கும் வாளையாற்றுக்கும் இடையே இருப்புப்பாதை இரு தனித்தடங்களாகப் பிரிந்து காட்டுக்குள் செல்கிறது. ரயிலுக்குச் சீரான மட்டம் வேண்டும்; அதற்காக மேடு வெட்டப்படுகிறது, பள்ளத்தில் மண்கரை எழுப்பப்படுகிறது. அந்தச் செங்குத்தான ஓரங்களே தடத்தில் அகப்பட்ட யானைக்குத் தப்பும் வழியை மறிக்கின்றன. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. பின்னர் யானைகள் கடக்கக் கீழ்ப்பாதைகள் கட்டப்பட்டன. 2024 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பும் தொடங்கியது.

இப்பகுதியை மாதிரியாக்கும்போது மண்கரையின் சரிவு வெறும் அலங்காரமன்று. 2.6 மீட்டர் உயர யானை 1:87 அளவில் 3 செ.மீ. பொம்மை, 6 மீட்டர் கரை 7 செ.மீ. மேடு. பிளாஸ்டர் பூசுமுன் அப்பொம்மையைக் கரையின் அடியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அது எவ்வழியே மறுபுறம் செல்லும் என்பதற்கு விடை கிடைத்த பிறகே பாதையின் மட்டத்தை உறுதிசெய்வது முறை. பலகையில் அந்த மட்டத்தை மாற்ற ஒரு கட்டையை நகர்த்தினால் போதும். காட்டில் அதே திருத்தத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது.