எந்த வகுப்பில் சேர்வது?

எங்கள் குடியிருப்புப் பகுதியில் பூப்பந்து மட்டை இல்லாத வீடு அரிது. மாலையில் வெயில் தணிந்ததும், வாயிற்கதவையே வலையாக வைத்துக்கொண்டு ஒருவர் உள்ளேயும் ஒருவர் தெருவிலுமாக நின்று ஆடத் தொடங்கிவிடுவோம். கார் வந்தால் ஒதுங்குவோம். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். 1992ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மலேசியா தாமஸ் கிண்ணத்தை வென்றதை அப்பா நேற்று நடந்ததுபோல் சொல்வார். எனக்கோ பெர்லி டான், தீனா முரளிதரன் இணைதான். 2022ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டியில் அவர்கள் பெண்கள் இரட்டையர் பிரிவில் தங்கம் வென்ற ஆட்டத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

பள்ளிக் குழுவில் இடம்பிடிக்க வேண்டும் என்ற ஆசை இந்த ஆண்டுதான் வந்தது. அந்த நேரம் பார்த்து, சமூக மண்டபத்தில் நடக்கும் குழுப் பயிற்சிக்குப் புதியவர்களைச் சேர்ப்பதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம். தொடக்கநிலைக்கு மாதம் 80 ரிங்கிட்; இடைநிலைக்கு 120 ரிங்கிட்.

“தினமும்தான் தெருவில் ஆடுகிறாயே, அதற்கு வகுப்பு வேறு வேண்டுமா?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். நான்காம் ஆண்டில் படிக்கும் தம்பியோ, “அக்கா போனால் நானும் போவேன்” என்று ஒற்றைக்காலில் நின்றான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். நான் இடைநிலை, தம்பி தொடக்கநிலை என்றால் 200 ரிங்கிட். இருவரும் தொடக்கநிலை என்றால் 160. தாளை என் பக்கம் நகர்த்தி, “எந்த வகுப்பு என்று நீயே பார்த்துச் சொல்லம்மா” என்றார்.

இடைநிலையில் சேர வேண்டும் என்றுதான் மனம் சொன்னது. என் வகுப்புத் தோழி அங்கே இருக்கிறாள். தொடக்கநிலையில் பெரும்பாலும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். இரண்டாம் படிவத்தில் படிக்கும் நான் அவர்களோடு வரிசையில் நின்றால் எப்படி இருக்கும்?

சேர்வதற்கு முன் ஒருநாள் வந்து ஆடிப் பார்க்கலாம் என்று பயிற்றுநர் சொல்லியிருந்தார். அவர் சீனர், எங்களிடம் மலாயில்தான் பேசுவார். முதலில் என்னைச் சிறிது நேரம் ஆடவிட்டார். பிறகு மட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, களத்தின் நடுவில் நிற்கச் சொன்னார். அவர் கைகாட்டும் மூலைக்கு ஓடி, மீண்டும் நடுவுக்கு வரவேண்டும். நான்கு முறை ஓடியதற்கே மூச்சு வாங்கியது. ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் காக்க வேண்டிய பகுதி 6.7 மீட்டர் நீளமும் 5.18 மீட்டர் அகலமும் கொண்டது. எங்கள் தெருவில் யாரும் இரண்டு அடிக்கு மேல் நகர்வதே இல்லை. தெருவில் நாங்கள் பந்தை எதிரில் நிற்பவரிடமே அடிப்போம், ஆட்டம் நீடிக்க வேண்டுமே! களத்தில் அவர் இல்லாத இடத்திற்கு அடிக்கிறார்கள்.

அடுத்து என் பிடியைப் பார்த்தார். நான் மட்டையைத் தோசைக்கரண்டிபோல் தட்டையாகப் பிடித்திருந்தேன். அந்தப் பிடியில் முன்னால் வரும் பந்தை எளிதாகத் தட்டலாம். தலைக்கு மேலே பின்னால் போகும் பந்தை வலுவாக அடிக்க முடியாது. கைகுலுக்குவதுபோல் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். அப்படிப் பிடித்ததும், அதுவரை சரியாக அடித்த பந்துகள்கூட வலையில் போய் விழுந்தன.

“உன் கைக்கு நல்ல பழக்கம் இருக்கிறது. காலுக்கு ஒருநாள் பழக்கம்கூட இல்லை. எந்த வகுப்பிலும் சேரலாம், உன் விருப்பம்” என்றார். அவரே ஒரு வகுப்பைச் சொல்லியிருந்தால் என் வேலை எளிதாக முடிந்திருக்கும்!

அன்று உடனே வீட்டுக்குப் போகாமல், இரண்டு வகுப்புகளையும் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். இடைநிலையில் ஒரு களத்திற்கு எட்டுப் பேர். பாதி நேரம் பயிற்சி, மீதி நேரம் இரட்டையர் ஆட்டம். தோற்ற இணை வெளியே வர, அடுத்த இணை உள்ளே போகும். நன்றாக ஆடுபவர்கள் தொடர்ந்து ஆடினார்கள். தடுமாறிய ஒரு பையன் வந்து வந்து உட்கார்ந்தான். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ, அவனுக்குத்தான் களத்தில் நேரம் குறைவு. என் தோழி அவனைவிட நன்றாக ஆடினாள். அவளுக்கு அந்த வகுப்பு பொருத்தம்தான்.

தொடக்கநிலையில் ஆட்டமே இல்லை. பயிற்றுநர் ஒரு கூடை நிறைய இறகுப்பந்துகளை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். ஒவ்வொருவரும் இருபது பந்துகளை அடித்துவிட்டு வரிசையின் பின்னால் போனார்கள். காத்திருப்பவர்களும் ஓரத்தில் கால்வைப்புப் பழகிக்கொண்டிருந்தார்கள். பார்க்க அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால், எனக்கு வேண்டிய பிடியும் கால்வைப்பும் அந்தக் கூடையின் முன்னால்தான் இருந்தன. ஆட்டத்தின் நடுவே பிடியை மாற்றிப் பழக யாருக்கும் துணிவு வராது. ஒரு புள்ளி போய்விடுமோ என்ற பயத்தில் கை பழைய பிடிக்கே திரும்பிவிடும்.

இரண்டு மாதத்தில் முன்னேறினால் வகுப்பு மாற முடியுமா என்று பயிற்றுநரிடம் கேட்டேன். “மூலைக்கு ஓடித் திரும்புவதை அப்போது பார்ப்போம்” என்றார்.

வீட்டுக்கு வந்து, “தொடக்கநிலை” என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நாள்காட்டித் தாளைப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். “நாற்பது ரிங்கிட்டை நினைத்துச் சொல்கிறாயா?” என்றார். பணத்திற்காக நான் விட்டுக்கொடுத்தேன் என்று அவர் எண்ணிவிடக்கூடாது என்பதில் எனக்கு அக்கறை இருந்தது. எனவே, மட்டையை எடுத்து வந்து இரண்டு பிடிகளையும் காட்டினேன். வரவேற்பறையில் மூலைக்கு மூலை ஓடியும் காட்டினேன். அவர் மட்டையை வாங்கிப் பிடித்துப் பார்த்தார். அதுவும் தோசைக்கரண்டிப் பிடிதான்!

தம்பிக்குத்தான் தலைகால் புரியவில்லை. வகுப்பில் என்னை அக்கா என்று கூப்பிடலாமா, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமா என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டான். பள்ளிக் குழுவுக்கான தேர்வுக்கு இன்னும் எட்டுச் சனிக்கிழமைகள் இருக்கின்றன.