அடியும் அமைதியும்

எங்கள் குறிஞ்சாக்கேணியில் இரவு 10 மணிக்குப் பிறகு தென்னோலை அசைவதும் கேட்கும். அந்நேரத்தில்தான் என் மருமகன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹெவி மெட்டல் கேட்கிறான். "மாமா, இந்த அல்பத்த எவ்வளவு குறைச்சு வெச்சாலும் காது களைக்குது" என்றான் ஒருநாள். அது மெட்டாலிக்கா குழுவின் 'டெத் மேக்னடிக்'.

2008 செப்டம்பரில் அது வெளிவந்தபோதே சர்ச்சை கிளம்பியது. டிஜிட்டல் பதிவில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட முடியாது. எனவே மெல்லிய பகுதிகளை உயர்த்தி, உயர்ந்தவற்றின் தலையை வெட்டி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ட்ரம்ஸின் அடி கிட்டாருக்குள் அமிழ்ந்துபோகிறது; வெட்டுப்பட்ட இடம் கரகரக்கிறது. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் அவ்வளவு நெரிபடாமல் ஒலித்தன. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டார்கள். மாற்றித் தரும்படி ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டார்கள்.

அடுத்தவர் பாட்டைவிட நம் பாட்டு உரத்துக் கேட்கவேண்டும் என்ற போட்டிதான் இதற்கெல்லாம் மூலம். இன்று ஸ்பொட்டிஃபை போன்ற சேவைகள் பாடல்களை ஏறத்தாழ ஒரே உரப்புக்குச் சரிசெய்துவிடுகின்றன. நெரித்ததன் ஆதாயம் போயிற்று. சேதம் மிஞ்சியிருக்கிறது.

உரத்த இசையை நான் வெறுப்பவனல்லன். 'இசை முரசு' நாகூர் ஹனீபாவின் கணீர்க் குரலில் வளர்ந்த காதுகள் எங்களுடையவை. தணிந்து நின்று ஏறும்போதுதான் அக்குரல் நெஞ்சில் இறங்கும். 2006இல் மூதூர்ப் பக்கமிருந்து ஷெல் சத்தம் கேட்டுக்கிடந்தவர்களுக்கும் இது தெரியும்: இரண்டு வெடிகளுக்கு இடையிலிருந்த மௌனமே எங்களை நடுங்கவைத்தது. மௌனத்தைப் பறிகொடுத்த இசையில் காது களைத்துப்போகும், அடி படாது.