உம்மம்மாவின் யன்னல்

கடந்த வருடம் உம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலக் கையும் வலக் காலும் இயங்காமல் போயின. அதைவிடப் பெரிய இழப்பு பேச்சு. கிணற்றடியில் நின்று கூப்பிட்டால் மூன்று வளவு தாண்டிக் கேட்கும் குரல் அவருடையது. இப்போது ஒரு சொல்லின் கடைசித் துண்டு மட்டுமே வாயிலிருந்து வரும். 'சோறு' என்றால் "று". 'தண்ணி' என்றால் "ணி". மீதியை நாங்கள்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அவருடைய கட்டிலை யன்னலோரமாகத் திருப்பிப் போட்டோம். யன்னலுக்கு வெளியே மாமரம். நாள் முழுதும் அதையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அவருக்குப் பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்து, ஒரு சிரட்டையில் மூன்று துளையிட்டு, கயிற்றில் கட்டிக் கொப்பில் தொங்கவிட்டேன். நெல்லும் கொஞ்சம் குறுணல் அரிசியும் போட்டேன். மூன்றாம் நாள் சிட்டுக்குருவிகள் வந்தன. பிறகு மைனா. பிறகு புலுனிகள், தனியாக வரத் தெரியாத கூட்டம், ஒரே சத்தம். உம்மம்மாவின் இடப் பக்க உதடு மட்டும் சிரித்தது. வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு அது.

ஒரு வாரத்திற்குள் அணில் வந்துவிட்டது.

முதுகில் மூன்று வெள்ளைக் கோடுள்ள, எல்லா வளவிலும் ஓடித் திரியும் சாதாரண அணில்தான். தலைகீழாகக் கயிற்றில் இறங்கி, சிரட்டைக்குள் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அரிசியை எடுத்துத் தின்றது. குருவி கிட்ட வந்தால் வாலை உதறிக் கத்தியது. குருவிகள் வேலியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டன. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் கயிற்றை மாற்றித் தங்கூசியில் கட்டினேன். அணில் மேலிருந்து குதித்தது. திரும்பவும் கயிற்றில் கட்டி நீளத்தைக் கூட்டினேன். கயிற்றைக் கடித்து அறுத்தது. சிரட்டை விழுந்து உடைந்தது. அணிலின் வெட்டும் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் எதையாவது கொறித்துத்தான் ஆக வேண்டும் என்று உயிரியலில் படித்திருக்கிறேன். அந்த அறிவு என் கயிற்றைக் காப்பாற்றவில்லை.

அடுத்தது கொச்சிக்காய்த் தூள். கொச்சிக்காயை உறைக்கச் செய்யும் காப்சைசின் நமக்கும் அணிலுக்கும் எரியும், பறவைகளுக்கு உறைப்பதில்லை. அதனால்தான் பறவைகள் கொச்சிப்பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. அரிசியில் தூளைக் கலந்தேன். அணில் தும்மியது, கண்ணைக் கசக்கியது, ஓடியது. நான் கைதட்டிச் சிரித்தேன். ஆனால் பின்னேரக் காற்றில் தூள் பறந்து யன்னல் வழியாக உள்ளே வந்தது. உம்மம்மா இருமியதைப் பார்த்து உம்மா என்னைப் பேசிய பேச்சோடு அதுவும் முடிந்தது.

கம்பம் நட்டுக் கிரீஸ் பூசலாம் என்றான் தம்பி. வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கிரீஸ் மயிரில ஒட்டினா போகாது மகன். நக்கி நக்கிச் சாகும். தென்னைக்கு எலி ஏறாம தகரம் அடிக்கிற மாதிரி ஒண்டு செஞ்சு தாறன். வெள்ளிக்கிழமை வரட்டும்."

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிவரை பொறுக்க எனக்கு மனம் வரவில்லை. குசினிக்குப் பின்னால் கிடந்த எலிக்கூட்டை எடுத்து, கொக்கியில் தேங்காய்ச் சொட்டைக் குத்தி, மாமரத்தின் கீழ் வைத்தேன். அஸர் தொழுதுவிட்டு வந்து பார்க்கும்போது கதவு விழுந்திருந்தது. உள்ளே அணில். கம்பிகளில் மோதி மோதிச் சுழன்றது. விடிந்ததும் தம்பியின் சைக்கிளில் கொண்டுபோய் வாய்க்காலுக்கு அப்பால் வயலில் விடுவதாகத் திட்டம். கூட்டின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு, வென்ற மனதோடு படிக்க உட்கார்ந்தேன்.

அன்றிரவு உம்மம்மாவோடு தூங்குவது என் முறை. அவர் தூங்கவில்லை. இடக் கையை மேலே தூக்கி, "ணி... ணி..." என்றார். தண்ணீர் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சற்று நேரத்தில் மறுபடியும் "ணி". மறுபடியும் தண்ணீர். இம்முறை கோப்பையைத் தட்டிவிட்டார். மேலே கை காட்டுகிறாரே, காற்றாடி வேண்டுமாக்கும் என்று அதைக் கூட்டிவிட்டேன். அந்தச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. "தூங்குங்க உம்மம்மா, எனக்கு நாளைக்குப் பாடமிருக்கு" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் கண்ணின் ஓரம் ஈரமாக இருந்தது. நோயாளியின் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸுபஹுக்கு எழுந்தபோது மின்சாரம் போயிருந்தது. காற்றாடி நின்றிருந்தது. அப்போதுதான் கேட்டது. உம்மம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே, ஓட்டுக்கும் வளைக்கும் இடையிலிருந்து, ஊசி போல மெல்லிய கீச்சுச் சத்தம். உம்மம்மா என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினார். "ணி" என்றார்.

தண்ணி இல்லை. அணில்.

தம்பி ஏணியைக் கொண்டுவந்து ஏறி, டோர்ச் அடித்துப் பார்த்தான். தும்பும் பஞ்சும் கந்தல் துணியுமாக ஒரு கூடு. கண் திறக்காத மூன்று குஞ்சுகள். "ராத்தா, ஒண்டு அசையுதில்ல" என்றான்.

நான் குசினிக்குப் பின்னால் ஓடிச் சாக்கை இழுத்தேன். அணில் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. இரவு முழுதும் கம்பியைக் கடித்ததில் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்திருந்தது. தேங்காய்ச் சொட்டு தொடப்படாமல் அப்படியே இருந்தது. கதவைத் திறந்தேன். அது கூட்டுக்குப் போகவில்லை. மாமரத்தில் ஏறி மறைந்தது. இனி வராதோ என்று நினைத்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று பாடசாலைக்கும் போகவில்லை.

ஒன்பது மணியளவில் வந்தது. ஓட்டுக்குள் நுழைந்தது. ஒரு குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு மாமரத்திற்கு ஓடியது. திரும்பி வந்து இரண்டாவதையும் கொண்டுபோனது. மூன்றாவது முறையும் வந்தது. உள்ளே கொஞ்ச நேரம் இருந்தது. வெறும் வாயோடு வெளியே போனது. பிறகு வரவில்லை. யன்னலருகே கிடந்த உம்மம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது குஞ்சைத் தம்பியும் நானும் மல்லிகைப் பந்தலடியில் புதைத்தோம். என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதரோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதக்காவாகும் என்ற நபிமொழியைச் சாதாரண தரத்தில் படித்தேன். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றியும் படித்தேன். இரண்டையும் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் சிரட்டையில் அரிசி போடும்போது, யார் உண்ணலாம் யார் உண்ணக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரமும் என்னிடம் இருப்பதாக நினைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வாப்பா சொன்னபடியே செய்தார். மாமரத்திலிருந்து பத்தடி தள்ளி ஆறடிக் குழாயொன்றை நட்டார். நாலரை அடி உயரத்தில் தகரத்தைக் கூம்பாக வளைத்து, வாய் கீழே பார்க்கும்படி பூட்டினார். வழுக்கும் தகரத்தில் நகம் பிடிக்காது. குதித்துப் பாயவும் பக்கத்தில் கொப்பு இல்லை. உச்சியில் குருவிகளுக்குச் சிரட்டை. இவ்வளவுதான் வேலை, அரை மணித்தியாலம். மூன்று நாள் பொறுத்திருந்தால் போதுமாயிருந்தது.

மதிலின் மேல் இன்னொரு சிரட்டையை நான் வைத்தேன். அதில் தினமும் ஒரு தேங்காய்ச் சொட்டு. முதல் இரண்டு வாரம் எதுவும் அதைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் காலையில் சொட்டின் ஓரத்தில் சின்னச் சின்னப் பல் அடையாளங்கள் இருந்தன. அதே அணில்தானா என்று எனக்குத் தெரியாது.

இப்போதும் உம்மம்மா "ணி" என்பார். நான் உடனே கோப்பையை எடுப்பதில்லை. அவருடைய கண் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பார்க்கிறேன். பிறகு கேட்கிறேன்: "தண்ணியா உம்மம்மா, அணிலா?"