பாட்டனாரின் வேட்டைக் கணக்கு

நம் ஊர் குன்றத்தூரில் மான் கிடையாது. குன்றின்மேல் முருகன் இருக்கிறான்; கீழே ஒரகடத்துத் தொழிற்சாலைகளை நோக்கி ஓயாமல் ஓடும் வண்டிகள் இருக்கின்றன. நாமும் மூட்டைப்பூச்சியைத் தவிர வேறு எந்தப் பிராணியையும் வேட்டையாடியதில்லை. ஆயினும் சென்ற மாதம் வகுப்பில் கண்ணப்ப நாயனார் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "ஐயா, மான் வேட்டைக்குப் போக என்னென்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டான். நாளைக்குச் சொல்வதாகத் தப்பித்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பாட்டனாரின் நோட்டுப் புத்தகத்தை இறக்கினோம். 1946-ஆம் வருஷம் அவர் நீலகிரிக்குக் கடமான் வேட்டைக்குச் சென்றவர். கர்ணம் உத்தியோகம் பார்த்தவராகையால் எதையும் எழுதாமல் செய்யமாட்டார்.

பட்டியலில் முதலாவது, இரவல் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈயக் குண்டைப் போட்டுக் கம்பியால் கெட்டித்து, பின்புறம் கேப்பு வைத்துச் சுடும் ரகம். மறுபடி கெட்டித்து முடியும் வரையில் கடமான் காத்திருக்குமா? ஆகவே "ஒரே வெடி" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். மூடுபனியில் மருந்து நமுத்துப் போகாமல் சுற்றிவைக்க மெழுகுத் துணி, இரண்டு கம்பளி, அவல், வெல்லம், சுக்கு. மேட்டுப்பாளையம் வரை ரயில், அங்கிருந்து பல்சக்கரத்தின் உதவியால் ஏறும் மலை ரயில். லைசென்ஸ் பணம் தனிக் கணக்கு. நீலகிரியில் வேட்டைக்கென்று 1879-லேயே சட்டம் வந்துவிட்டதல்லவா?

உபாயங்களையும் குறித்திருக்கிறார். விடியற்காலையில் சோலைக்காட்டின் ஓரத்துப் புல்வெளியில் கடமான் மேயும். அதன் மூக்கு மிகவும் கூர்மையானது; ஆதலால் காற்றுக்கு எதிர்முகமாகவே நெருங்க வேண்டும். ஐம்பது கஜத்துக்குள் வராமல் சுடலாகாது. பிணையையும் குட்டியையும் தொடலாகாது.

இந்தக் கடைசி விதியைப் படித்ததும் நமக்குப் பெருமை தாங்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நம் ஊரில் அவதரித்த சேக்கிழார், திண்ணனாரின் கன்னி வேட்டையை வர்ணிக்கும்போது, அவ்வேடர்கள் யானைக் கன்றைத் தொடரவில்லை, சிறு குட்டிகளைக் கொல்லவில்லை, சினையாயிருந்த பிணைகளை வருத்தவில்லை என்று சொல்லுகிறார். குன்றத்தூர்க்காரர் குன்றத்தூர்க்காரர்தான் என்று எண்ணிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினோம்.

நம் வீட்டுக் கூடத்தில் ஒரு ஜோடிக் கொம்பு வெகுகாலம் தொங்கியது. பாட்டனார் சுட்ட மானின் கொம்பு என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள். நாமும் சிறுவயதில் அதன் கீழே நின்று சினேகிதர்களிடம் அளந்திருக்கிறோம்.

அடுத்த பக்கத்தில் இருந்தது இவ்வளவே: "வெடித்தது. எங்கும் புகை. புகை விலகியபோது மான் இல்லை. புல்லில் ரத்தம். இரண்டு நாள் சோலையில் தேடினோம். அகப்படவில்லை."

அதன் கீழே, அதே அழகான எழுத்தில்: "ஊட்டி கடைத்தெரு. கொம்பு ஒரு ஜோடி. ரூ. 7."

வெகுநேரம் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம். பொய் சொன்னார் என்று கோபிக்கத் தோன்றவில்லை. பொய்யை வீட்டாருக்குச் சொன்னவர், மெய்யைக் கணக்கில் மறைக்கவில்லை. நம் மனத்தை வருத்தியது வேறொன்று. சுக்கு வரையில் நினைத்துப் பார்த்த அந்தப் பட்டியலில், குண்டு பட்டும் மான் சாகாமல் ஓடினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரி இல்லை. ஒரே வெடி என்று இரண்டு கோடு போட்டவர், அந்த ஒரு வெடி பாதி வேலை செய்துவிட்டு நிற்கக்கூடும் என்று எண்ணவில்லை. அதற்குப் பிறகு அவர் துப்பாக்கியைத் தொட்டதாக நோட்டில் எங்கும் காணோம்.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் செய்த திருத்தம் அவ்வித வேட்டைக்கு இருந்த வழியையும் அடைத்தது. கொம்புகளைத் தகப்பனார் வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டார். கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

மறுநாள் நோட்டை வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். கடைசிப் பக்கத்தை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தயங்கினோம். பிறகு, ஏழு ரூபாய் உள்பட முழுவதையும் படித்தோம். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்ட அதே பையன் மறுபடி எழுந்தான்.

"ஐயா, அந்த மான் என்ன ஆயிற்று?"

இதற்கும் நாளைக்குச் சொல்கிறோம் என்று தப்பித்துக்கொள்ள நமக்கு வாய் வரவில்லை.