அருந்ததிக்காகத் தேய்த்த கண்ணாடி

வீட்டிலேயே தொலைநோக்கி செய்கிறவர்கள் பெரும்பாலும் சனியின் வளையத்தைப் பார்க்கத்தான் கண்ணாடி தேய்க்க உட்காருவார்கள். நான் என் ஆறு அங்குலக் கண்ணாடியைத் தேய்த்தது என் மனைவிக்கு அருந்ததி விண்மீனைக் காட்டுவதற்காக. கல்யாணத்தில் அம்மி மிதித்து முடிந்ததும், புரோகிதர் சொன்னபடி வடக்கே கையை நீட்டினேன். "எனக்குப் பந்தல் துணிதாங்க தெரிஞ்சது" என்று அவள் பிற்பாடு சொன்னாள். அது மனதில் தங்கிவிட்டது.

எங்களுடையது தை மாதத்து முகூர்த்தம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தையில் காலை ஏழு மணிக்கு அருந்ததி வடமேற்கு வானில் நன்றாக உயரத்திலேயே இருக்கிறாள். சூரிய வெளிச்சம்தான் அவளை மறைக்கிறது. வைகாசியில் அதே நேரத்துக்கு அவள் அடிவானத்துக்குக் கீழே போயிருப்பாள். ஆக, அன்று நான் இருந்ததைத்தான் காட்டியிருக்கிறேன்.

கண்ணாடி தேய்ப்பது பொறுமையான வேலை. ஒரு வட்டின் மேல் இன்னொரு வட்டை வைத்து, நடுவே கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு, முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே மேசையைச் சுற்றி வர வேண்டும். மேல் வட்டு குழியும், கீழ் வட்டு புடைக்கும். நான்கடிக் குவியத்தூரத்துக்கு நடுவில் வேண்டிய குழி ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். ஒரு பொடியிலிருந்து அடுத்த நைஸ் பொடிக்குப் போகும்முன் மேசை, வாளி, நகக்கண் வரை கழுவியாக வேண்டும். பழைய பொடியில் ஒரு மணி தங்கினாலும் கீறல் விழும். பிறகு பிட்ச் தட்டும் சீரியம் ஆக்சைடும் கொண்டு மெருகேற்றுவது.

மெருகேறியதும் ஃபூக்கோ சோதனை. 1858இல் பிரெஞ்சு விஞ்ஞானி லெயோன் ஃபூக்கோ சொல்லிக்கொடுத்த முறை இது. சிறு துளை வழியே விளக்கொளியைக் கண்ணாடிமேல் விட்டு, அது திரும்பிவந்து குவியும் இடத்தில் பிளேடு விளிம்பை நகர்த்தினால் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகுகூடத் தப்பாது. ஒருநாள் என் மனைவியைக் கண்ணாடியின் மேல் கட்டைவிரலை அரை நிமிடம் வைத்திருக்கச் சொன்னேன். விரலை எடுத்த பிறகு சோதித்தால், அந்த இடத்தில் ஒரு மேடு! விரல் சூட்டில் கண்ணாடி அவ்வளவு வீங்கியிருந்தது. "என் விரலா இது?" என்று கேட்டு, மேடு கரைந்து போகும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

கண்ணாடியைத் தொலைநோக்கியில் பொருத்தி, வைகாசி இரவொன்றில் மொட்டைமாடியில் அவளுக்கு அருந்ததியைக் காட்டினேன். 48 மடங்குப் பெருக்கத்தில் பக்கத்து விண்மீனான வசிஷ்டரும் அருந்ததியும் ஒரே வட்டத்துக்குள் வந்தார்கள். வசிஷ்டர் தனி ஆள் இல்லை, அவரே இரட்டை. கலிலியோவின் மாணவர் கஸ்தெல்லி 1617இலேயே அதைப் பார்த்திருக்கிறார். அந்த இரண்டும் தனித்தனியே இரட்டைகள் என்பது பிறகு நிறமாலையால் தெரிந்தது. அருந்ததிக்கும் மங்கலான துணை ஒன்று உண்டென்று 2009இல் கண்டார்கள். மொத்தம் ஆறு விண்மீன்கள், ஒரே திசையில் சேர்ந்து போகின்றன. தூரம் சுமார் 80 ஒளியாண்டு. அன்று எங்கள் கண்ணில் விழுந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது எங்கள் இருவரின் பெற்றோருக்கும் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. இதைச் சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தாள்.

பகலில் கை நீட்டுவதோடு இந்தச் சடங்கை நாம் விட்டுவிடக்கூடாது. இதற்குத் தொலைநோக்கிகூட வேண்டாம். வைகாசிக் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியிலிருந்து இரண்டாவது மீன் வசிஷ்டர். ஒட்டினாற்போல் மினுங்குவது அருந்ததி. உங்கள் வீட்டுக்காரியையோ வீட்டுக்காரரையோ கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய், ஒருமுறை நிஜமாகவே காட்டிவிடுங்கள்.