அந்தப் பாக்குப் பாட்டு

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம், செகண்ட் லாங்குவேஜ் ஹிந்தி. ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

உங்க பிளேலிஸ்ட்ல ஒரு வார்த்தைகூடப் புரியாத பாட்டு எத்தனை இருக்கு? கொரியன், ஸ்பானிஷ் எல்லாம் சேர்த்து எண்ணுங்க. என் லிஸ்ட்ல பாதிக்கு மேல ஒரே ஆளோட பாட்டு. பேரு ஊமு சங்காரே. நாடு மாலி. மாலத்தீவு இல்லை, மலாவியும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற மாலி. என் கிளாஸ்ல இதை இதுவரைக்கும் பத்துப் பேருக்காவது விளக்கியிருப்பேன்.

எப்படிக் கிடைச்சாங்கன்னா, பியோன்சே மூலமா. 2019-ல் லயன் கிங் படத்தோட சேர்ந்து அவங்க போட்ட ஆல்பத்தில் 'மூட் ஃபார் எவா'ன்னு ஒரு பாட்டு. அதுக்குள்ள ஒரு பெண் குரலை சாம்பிள் பண்ணியிருப்பாங்க. தேர்ட் இயர்ல டி.எஸ்.பி. இன்டர்னலுக்கு முந்தின ராத்திரி அதைக் கேட்டுட்டு இருந்தப்போ, பியோன்சே எனக்கு முக்கியமாப் படல. அந்தப் பின்னாடிக் குரல் யாருன்னுதான் தேடினேன். ஊமு சங்காரேயோட 'ஜராபி நேனே'ன்னு தெரிஞ்சது. இன்டர்னல் மார்க்கைப் பத்திக் கேட்காதீங்க.

அந்த சவுண்டை எப்படிச் சொல்றது? சுரைக்குடுக்கையைப் பாதியா வெட்டி, மேல தோல் இழுத்துக் கட்டி, நீளமா ஒரு கழி செருகி, ஆறு தந்தி பூட்டின கருவி ஒண்ணு இருக்கு. கமலெ ங்கோனின்னு பேரு. நம்ம யாழுக்கு தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கலாம். ஐந்தே ஸ்வரம்தான். ஆனா விரல் படற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பேஸ் கிட்டார், கொஞ்சம் டிரம்ஸ் மாதிரி அதிரும். இதோட அண்ணன் கருவி வேட்டைக்காரங்களோடது. அதைச் சடங்குக்கு மட்டும்தான் வாசிப்பாங்க. இளவட்டங்க அதைச் சின்னதாக்கி, சுருதியை ஏத்தி, ஆட்டத்துக்கு வாசிக்க ஆரம்பிச்சாங்க. பெரியவங்க நிச்சயம் திட்டியிருப்பாங்க. கமலெ ங்கோனின்னா 'இளைஞர்களோட ங்கோனி'ன்னுதான் அர்த்தம்.

இது தெற்கு மாலியில் வாசுலுங்கிற பகுதியோட இசை. மாலியில் பாடறதுன்னாலே ஜெலிங்கிற பரம்பரைப் பாடகர் குடும்பத்தில் பிறந்திருக்கணும்னு ஒரு வழக்கம். அவங்க வேலை வம்சப் பெருமை பாடறது. வாசுலுவில் அப்படி இல்லை, யாருக்குக் குரல் இருக்கோ அவங்க பாடலாம். பாடறவங்களைப் 'பறவை'ன்னு கூப்பிடுவாங்க. யாரையும் புகழ வேண்டிய கட்டாயம் இல்லாததால, நினைச்சதைப் பாடலாம்.

ஊமு நினைச்சதைத்தான் பாடினாங்க. 1968-ல் தலைநகர் பமாக்கோவில் பிறந்தவங்க. முதல் ஆல்பம் 'மூசோலு', அப்படின்னா 'பெண்கள்'. 1989-ல் பக்கத்து நாட்டு அபிஜான் நகரத்தில் ரெக்கார்ட் பண்ணினாங்க. அப்போ வயசு 21. இந்த வரியை டைப் பண்றப்போ எனக்கும் 21, நான் இன்னும் ரெசுமேயில் 'ஹாபீஸ்' எழுதிட்டு இருக்கேன். அந்த கேசட் 2,50,000-க்கு மேல வித்ததா சொல்றாங்க. திருட்டு கேசட் கணக்கு தனி. மாலியில் ஒரு ஆண் பல பேரைக் கல்யாணம் பண்றது இன்னைக்கும் சட்டப்படி செல்லும். அந்த ஊர்ல நின்னுக்கிட்டு, பலதார மணமும் கட்டாயக் கல்யாணமும் வேண்டாம்னு வருஷக்கணக்கா பாடினவங்க இவங்க.

இதெல்லாம் எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சது. ஒரு வருஷம் அர்த்தமே பார்க்காம, சந்தோஷமான டான்ஸ் பாட்டுன்னு நினைச்சே கேட்டிருக்கேன். குத்தறதுக்கு மெட்டு, கோரஸ்ல பொண்ணுங்க பதில் பாடறாங்க, வேற என்ன வேணும்?

போன பொங்கல் லீவுல வீட்டு ஸ்பீக்கர்ல 'வொரோதான்' போட்டேன். 1996 ஆல்பம். எங்கம்மா சமையல்கட்டுல அதிரசத்துக்கு மாவு இடிச்சுட்டு இருந்தாங்க. கல்யாண வீடுகளுக்குச் சீர் பலகாரம் பண்ணிக் கொடுக்கறதுதான் அம்மா தொழில். என் ஃபீஸ் எல்லாம் முறுக்கும் அதிரசமும்தான்.

"என்ன பாஷைடி இது?"

"பம்பாரா."

"என்ன சொல்றா?"

இங்கிலீஷ்ல படிச்சதைத் தமிழ்ல சொல்லணும். எனக்கு வேர்த்துடுச்சு. "வொரோதான்னா பத்து கோலா நட்... கொட்டை. அங்க கல்யாணம் பேசறப்போ அதைத்தான் பொண்ணு வீட்டுக்குக் கொடுப்பாங்க. கசப்பா இருக்கும், மெல்லுவாங்க, விருந்தாளிக்கும் வைப்பாங்க..."

"பாக்கு."

"ஆங், பாக்கு மாதிரி. அந்தப் பத்தைக் கொடுத்துட்டா பொண்ணு அந்த வீட்டுக்கு அடிமையாயிடறான்னு பாடறாங்க."

அம்மா ஒண்ணும் சொல்லல. உலக்கை நிக்கல. நான்தான் பேச்சை நிறுத்தத் தெரியாம, ஊமுவோட கதையையும் சொல்ல ஆரம்பிச்சேன். அவங்களுக்கு ரெண்டு வயசிருக்கும்போது அப்பா வேற ஒருத்தங்களைக் கட்டிக்கிட்டு நாட்டை விட்டே போயிட்டார்னு சொல்ல வந்து, பாதியில் எனக்கு வார்த்தை இல்லை. "அதாவது, செகண்ட் வைஃப்... முதல் வைஃபுக்கு அவங்க என்ன ஆகணும், கோ-வைஃப்..."

"சக்களத்தி," அப்படின்னாங்க அம்மா. என்னைப் பார்க்கல.

நான் நாலாவது படிக்கும்போது எங்கப்பா வேற ஊருக்குப் போனார். அங்க அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கு. எங்க வீட்டுல இதுக்கு 'அப்பா டிரான்ஸ்ஃபர்ல இருக்கார்'னு பேரு. பன்னிரண்டு வருஷமா அந்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர் கேன்சல் ஆகல. சக்களத்திங்கிற வார்த்தையை அன்னைக்கு முன்னாடி அம்மா வாயில நான் கேட்டதில்லை. (அம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன்.)

கொஞ்ச நேரம் கழிச்சு, "அவ அம்மா என்ன பண்ணினா?"

"கல்யாண வீடுகள்ல பாடினாங்க. இந்தப் பொண்ணும் சின்ன வயசுல இருந்தே பாடிச் சம்பாதிச்சுக் கொடுத்துச்சு."

"சாப்பாடு போட்டிருப்பாங்க இல்ல? கல்யாண வீடுதானே."

நான் அம்மா கூடக் கூடை தூக்கிட்டுப் போன கல்யாணங்கள் எல்லாம் ஞாபகம் வந்தது. பின்வாசல் வழியாப் போவோம். அம்மா பணத்தை எண்ணி வாங்கற வரைக்கும் எனக்கு யாராவது ஒரு இலை போடுவாங்க, சில இடத்துல போட மாட்டாங்க. "போட்டிருப்பாங்கம்மா"ன்னு சொன்னேன்.

நீங்க கேட்கறதுன்னா 'மூசோலு'ல ஆரம்பிங்க, அடுத்து 'வொரோதான்'. 2017-ல் வந்த 'மொகோயா' நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு அதில் பாலிஷ் ஜாஸ்தி, ங்கோனி எங்கயோ உள்ள போயிடுது. 2022-ல் வந்த 'திம்பக்து'ல ஸ்லைடு கிட்டார் வரும், நைட் பஸ்ல கேளுங்க. எல்லாத்தையும் 'ஆப்பிரிக்கன் மியூசிக்'னு ஒரே ஃபோல்டர்ல மட்டும் போடாதீங்க. அது ஐம்பதுக்கு மேல நாடுங்க இருக்கிற கண்டம்.

இந்த செமஸ்டர்ல ரெண்டு தடவை வீட்டுக்குப் போனேன். ரெண்டு தடவையும் அம்மா அடுப்பு பத்த வச்சுட்டு, "அந்தப் பாக்குப் பாட்டைப் போடு"ன்னாங்க. கோரஸ் வர்ற இடத்துல கூடவே பாடறாங்க. பம்பாரா இல்லை, அம்மாவே ஏதோ போட்டுக்கறாங்க.