புற்றரை கற்பிக்கும் நாகரிகம்

கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதத்தில் அவிசாவளை நோக்கிச் செல்வோர், பொரளைப் பக்கத்தில் ஒரு விந்தையைக் காண்பர். 1879ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ரோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் மைதானத்தினூடாகவே தண்டவாளம் செல்கிறது. கிளித்தட்டும் துடுப்பாட்டமும் கண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவராகிய நமக்குக் கோல்ப் அயலான ஆட்டமே. ஆயினும் ஒருமுறை சாளரத்தினூடாக நாம் கண்ட காட்சி மனத்தை விட்டு அகலவில்லை. முதியவர் ஒருவர் குழியைச் சூழ்ந்த பசும்புற்றரையிற் குனிந்து, பந்து விழுந்து பதிந்த வடுவைப் பொறுமையோடு சீர்செய்துகொண்டிருந்தார்.

பின்னர் அவ்வாட்டத்தின் முறைகளைத் தேடி வாசித்தோம். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். பிறருடைய பந்துக்கும் குழிக்கும் இடைப்பட்ட வழியிற் கால் வைத்தலாகாது. நம் நிழலும் அங்கே விழலாகாது. இடையூறாயுள்ள நம் பந்தை எடுக்குமுன் அதன் பின்னே நாணயமொன்றை அடையாளமாக வைத்தல் வேண்டும். மெழுகிய முற்றம் உலருமுன் ஓரமாக நடக்கும் நம் வீட்டு வழக்கத்தை இவை நினைவூட்டவில்லையா?

விதிகள் காலத்தோடு மாறியுமுள்ளன. புற்றரையில் உருட்டிய பந்து குழியிலுள்ள கொடிக்கம்பத்திற் பட்டால் முன்பு தண்டம் உண்டு. 2019 முதல் இல்லை. புற்றரையிலே தற்செயலாகப் பந்தை அசைத்துவிட்டாலும் இப்போது தண்டமின்றித் திருப்பி வைக்கலாம். மாறாதது ஒன்று: பெரும்பாலும் நடுவர் அருகில் இல்லை; தன் பிழையைத் தானே கூறல் வேண்டும். 1925இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியிற் பொபி ஜோன்ஸ், பிறர் காணாதவாறு தம் பந்து அசைந்தமைக்காகத் தம்மீதே ஓர் அடியைச் சுமத்திக்கொண்டார். போட்டி சமநிலையில் முடிந்தது. மேலதிக ஆட்டத்தில் அவர் தோற்றார். அவ்வோர் அடி இல்லையேல் வெற்றி அவருடையதே.

இது விளையாட்டோடு முடியும் செய்தியன்று. நம் குடாநாட்டிற் பங்குக் கிணற்று நீரை முறைவைத்து இறைப்பவர்கள் உளர். முறைநேரம் கடந்தும் ஒருவர் இறைத்தால், உறங்கும் அயலவர் அறியார். வாடும் அவருடைய வெங்காயப் பாத்தி அறியும். உடைந்த வாய்க்கால் வரம்பை ஒரு மண்வெட்டி மண்ணால் அடைத்துவிட்டுப் போவதும், அப்படியே விட்டுப் போவதும் நம் கையிலேயே உள்ளன. ஒன்று உறவை வளர்க்கும். மற்றது வழக்காக முற்றி நீதிமன்றம் ஏறும்.

மாணவர்களே, கண்காணிப்பார் இல்லாத இடத்தில் நாம் எப்படி நடக்கிறோம் என்பதே நம் உண்மையான தேர்வு. அதில் மதிப்பெண் இடுபவரும் நாமே.